மாணவருக்கு வேப், மாணவிக்கு மனச்சோர்வு: பெற்றோர் கவனத்திற்கு

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கெடுக்கும் பழக்கங்கள் ஆண், பெண் இருபாலரிடமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சுகாதார அமைச்சின் பொதுச் சுகாதாரக் கழகம் 2022-இல் நடத்திய பதின்ம வயதினர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பினாங்கு உட்பட நாடு முழுவதும் 13 முதல் 17 வயது மாணவர்கள் தங்கள் பெயரைக் குறிப்பிடாமல் இதன் வினாத்தாளை நிரப்பினர்.

வேப்: வேப் எனப்படும் மின்சிகரெட்டைப் புகைப்பவர்கள் மொத்தத்தில் 14.9 விழுக்காடு. மாணவர்களில் இது 23.5, மாணவிகளில் 6.2. ஆனால் பெண் பிள்ளைகளின் பெற்றோர் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சிகரெட் நாற்றம் வீட்டில் காட்டிக் கொடுத்துவிடும். பழவாசனை கொண்ட வேப்பை எளிதில் மறைத்துவிடலாம். இரண்டிலும் இருக்கும் நிக்கோட்டின், வளரும் மூளையை அடிமைப்படுத்தும்.

மனச்சோர்வு: இங்கே நிலைமை தலைகீழ். மனச்சோர்வு அறிகுறி உள்ள மாணவிகள் 36.1 விழுக்காடு, மாணவர்கள் 17.7. இது வினாத்தாள்வழி கிடைத்த கணிப்பு. மருத்துவர் உறுதிசெய்த நோய் அல்ல. மாணவர்களின் குறைந்த எண்ணிக்கையையும் கவனமாகப் பார்க்க வேண்டும். “ஆம்பளப் பிள்ளை அழலாமா?” என்று கேட்டு வளர்க்கப்பட்டவன் தன் வேதனையை எளிதில் சொல்ல மாட்டான். அது கோபமாகவோ புகைப்பழக்கமாகவோ வெளிப்படலாம்.

உடற்பயிற்சி: உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016 கணக்குப்படி, 11 முதல் 17 வயதினரில் போதிய உடலியக்கம் இல்லாத ஆண்கள் 78 விழுக்காடு, பெண்கள் 85 விழுக்காடு. பருவமடைந்ததும் மகளைத் திடலுக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் உண்டு.

சட்டம்: நிக்கோட்டின் திரவம் 31 மார்ச் 2023-இல் நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன்பின் 1 அக்டோபர் 2024-இல் நடப்புக்கு வந்த 852ஆம் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு சிகரெட்டையும் வேப்பையும் விற்பதைத் தடை செய்கிறது. இடைப்பட்ட அந்த ஒன்றரை ஆண்டில் வேப் சந்தை தடையின்றி வளர்ந்தது. ஜார்ஜ்டவுனில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், வேப்பை முற்றாகத் தடைசெய்ய வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தி வருகிறது.

பெற்றோர் செய்யக்கூடியவை:

மகனிடம் புகைப்பழக்கத்தைப் பற்றி மட்டுமின்றி, மனநிலையைப் பற்றியும் கேளுங்கள். மகளிடம் மனநிலையோடு வேப்பைப் பற்றியும் பேசுங்கள்.

தூக்கம், பசி, நட்பு ஆகியவற்றில் இரண்டு வாரத்திற்கு மேல் மாற்றம் தெரிந்தால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரை அணுகுங்கள்.

புகைப்பதை நிறுத்த அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் உதவி உண்டு.

மனநல உதவிக்கு சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசிச் சேவை: 15555.

பிள்ளை உண்மையைச் சொல்லும்போது முதலில் அடியோ வசையோ கிடைத்தால், அடுத்த முறை சொல்லாது. அதைக் காதுகொடுத்துக் கேட்பதே உதவியின் முதல் படி.