சீல் உடைந்த பம்ப்

சங்ககிரியில் லாரி வைத்திருந்தவர்கள் புகையைக் கண்டு அலறியதில்லை. என்ன நிறம் என்றுதான் கேட்பார்கள். நீலம் என்றால் முகம் செத்துவிடும். ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது, கைக்காசு காலி. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கேயும் குபுகுபுவென்று வரும். பேக் கம்ப்ரஷன் என்போம். வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது, இல்லை கேஸ்கட் போய்த் தண்ணீர் இறங்குகிறது. ரேடியேட்டரைப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

கறுப்புதான் வில்லங்கம். அதில் பாதி, கேட்டு வாங்கிய புகை.

1954-ல் ஜாம்ஷெட்பூரில் டாடா-பென்ஸ் லாரி வந்தது. 1955-ல் எண்ணூர் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. டீசல் பம்புக்கும் நாசிலுக்கும் பெங்களூர் மைக்கோ கம்பெனி. எவ்வளவு டீசல் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகுக்குக் கம்பெனியே ஈய சீல் வைத்து அனுப்பும். நான் பம்ப் வேலை பார்த்த காலத்தில் சீலோடு மேஜைக்கு வந்தவை குறைவு. பாஸிங் எடைக்கு மேல் பாரம் ஏற்றித் தொப்பூர் கணவாயில் திணறிய டிரைவர், "இழுவை பத்தலீங்ணா, கொஞ்சம் ஏத்தி உடுங்க" என்பார். டர்போ இல்லாத எஞ்சின் இழுக்கும் காற்றுக்கு அளவு உண்டு. அதற்கு மேல் கொடுக்கும் டீசல் கரியாகத்தான் போகும். மைலேஜ் விழும், நாசில் முனையில் கரி பிடிக்கும், பிறகு எஞ்சின் குலுங்க ஆரம்பிக்கும். அதனால் ஏர் ஃபில்டரைத் தொடும் முன்பே கேட்பேன்: "பம்புல கடைசியா யாரு கை வெச்சாங்க?" உண்மையான பதில் வந்ததாக நினைவில்லை.

அந்த வண்டிகளில் குலுங்கலைப் பிடிக்க ஸ்பேனர் போதும். ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்த வேண்டும். சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. மாறாவிட்டால் குற்றவாளி அதுதான். அதன் நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுவோம். கோளாறும் கூடவே போனால் நாசில். அங்கேயே நின்றால் வால்வு, ரிங் பக்கம் தேட வேண்டும். தனியாகக் கழற்றி டெஸ்டரில் அடித்துப் பார்க்கும்போது கையை மட்டும் குறுக்கே நீட்டக் கூடாது. அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

1989 மோட்டார் வாகன விதிகள் டீசல் புகையின் அடர்த்திக்கு 65 ஹார்ட்ரிஜ் அலகு என்று வரம்பு வைத்தன. எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு முதல் நாள் திருகை இறக்கச் சொல்லி வருவார்கள். மறுநாளே ஏற்றச் சொல்லியும் வருவார்கள். இரண்டுக்கும் கூலி உண்டு. நானும் வாங்கியிருக்கிறேன்.

2017-ல் பி.எஸ். 4, 2020-ல் பி.எஸ். 6 என்று புகை விதிகள் வந்தபின் காமன் ரெயில் வண்டிகளில் அந்தத் திருகே இல்லை. ஓடும் எஞ்சினில் பைப்பைத் தளர்த்துவது இப்போது உயிரோடு விளையாடுவது. அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். ஸ்கேனரைச் சொருகினால் எந்த சிலிண்டர் சோர்கிறது என்று அதுவே காட்டிவிடுகிறது. ஆனால் சென்சார் அழுக்கா, நாசில் தேய்மானமா என்பதைப் பையன்கள் இன்னும் கழற்றித்தான் பார்க்கிறார்கள். இழுவை கேட்பவர்கள் லேப்டாப் வைத்திருப்பவரைத் தேடிப் போகிறார்கள்.