சிறு வீடும் பெரு வாழ்வும்

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பது நம் முன்னோர் மொழி. வீட்டைச் சிறிதாகக் கட்டுதல் எவர்க்கும் எளிது. கையில் பொருள் குறைந்தால் வீடு தானே சிறுத்துவிடும். அச்சிறு வீட்டில் பெருக வாழ்வது எங்ஙனம் என்பதே அரிய வினா. எந்த மரச்சாமானை உள்ளே கொண்டுவருவது, எதனை வாயிலிலேயே நிறுத்திவிடுவது, சுவருக்கு என்ன நிறம் தீட்டுவது என்னும் கேள்விகள் யாவும் அவ்வொரு வினாவின் கிளைகளேயாம். இக்கேள்விகளுக்கு விடை காண்பதை ஒரு நகராட்சியே தன் கடமையாக மேற்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. ஜெர்மனி நாட்டுப் பிராங்பர்ட் நகரில் 1925 முதல் 1930 வரை நிகழ்ந்த அவ்வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1918-இல் முதல் உலகப்போர் முடிந்தபோது ஜெர்மானிய நகரங்களில் வீட்டுப் பஞ்சம் கொடிதாக இருந்தது. போர்க்காலத்தில் வீடு கட்டும் தொழில் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. அடுத்து, 1923-இல் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு அடியோடு வீழ்ந்தது. தொழிலாளர் குடும்பங்கள் பல, ஒரே அறையில் சமைத்தன, அங்கேயே உண்டன, அங்கேயே துணி உலர்த்தி, அங்கேயே உறங்கின. இந்நிலையை மாற்றக் கருதிய பிராங்பர்ட் மேயர் லுட்விக் லாண்ட்மான், 1925-இல் எர்ன்ஸ்ட் மே என்னும் கட்டடக் கலைஞரிடம் நகரின் கட்டுமானப் பொறுப்பை ஒப்படைத்தார். ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 12,000 வீடுகள் எழுந்தன. காற்றும் வெளிச்சமும் வாய்ந்த வீடுகள். ஆயினும் மிகச் சிறியவை.

புதுவீட்டில் குடிபுக வந்தவர்கள், பாட்டனார் காலத்துப் பெரும் அலமாரிகளையும் செதுக்கு வேலைப்பாடு மிக்க உயர்ந்த கட்டில்களையும் உடன் கொண்டுவந்தார்கள். அவை அறையை அடைத்துக்கொண்டால் மனிதர் எங்கே நிற்பது? இதற்கும் நகரமே வழி தேடியது. பெர்டினாண்ட் கிராமர், பிரான்ஸ் ஷூஸ்டர் ஆகிய கலைஞர்கள் அவ்வறைகளின் அளவுக்கேற்ப எளிய மேசை, நாற்காலி, அலமாரிகளை வரைந்து கொடுத்தனர். வேலையற்றிருந்த தச்சர்களுக்கு அவற்றைச் செய்யும் பணி கிடைத்தது. நகரின் சார்பில் இயங்கிய நிறுவனம் ஒன்று அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றது. ‘புதிய பிராங்பர்ட்’ என்னும் பெயரில் வெளிவந்த இதழ், நற்பொருள்கள் எனத் தேர்ந்த விளக்கு, அடுப்பு, கதவின் கைப்பிடி முதலியவற்றைப் பட்டியலிட்டு மக்களுக்கு அறிவித்தது.

இம்முயற்சிகளுள் உலகப் புகழ் பெற்றது ‘பிராங்பர்ட் சமையலறை’. அதனை 1926-இல் வகுத்தவர் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்னும் பெண்மணி. 1897-இல் வியன்னாவில் பிறந்தவர். பெண்கள் கட்டடக் கலை பயில்வது மிக அரிதாயிருந்த காலத்தில் அதனை முறையாகக் கற்றுத் தேர்ந்தவர். அமெரிக்காவில் கிறிஸ்டீன் பிரடெரிக் என்பவர், தொழிற்சாலைகளில் வேலையை அளந்து பார்ப்பது போலவே இல்லத்து வேலையையும் அளந்து எழுதியிருந்தார். அந்நூலை லிஹோட்ஸ்கி கற்றார். ஓடும் இரயிலின் உணவு வண்டியில், ஒடுங்கிய சமையலிடத்தில் அத்தனை பேர்க்கும் உணவு சமைக்கும் திறனையும் கருத்தில் கொண்டார்.

அவர் வகுத்த சமையலறையின் அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். அவ்வளவே. ஆனால், அதனுள் எத்துணை எண்ணம்! வெளிச்சம் வரும் சன்னலடியில் காய் நறுக்கும் மேசை. அதன்முன் அமர்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. நறுக்கிய கழிவை அப்படியே தள்ளிவிட அம்மேசையிலேயே ஓர் ஏற்பாடு. வேண்டும்போது இறக்கி, வேண்டாதபோது சுவரோடு மடித்துவிடும் துணி தேய்க்கும் பலகை. அரிசி, சர்க்கரை, பருப்பு ஆகியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைச் சுவரில் பதித்தாற்போல் அவை விளங்கின. மாவு வைக்கும் இழுப்பறை மட்டும் ஓக் மரத்தாலானது. அம்மரம் புழுவை அணுகவிடாது என்பது காரணம். அடுத்த அறைக்கு ஒரு தள்ளுகதவு. அதனைத் திறந்து வைத்தால், அடுப்படியில் நிற்கும் தாய் அங்கே விளையாடும் குழந்தையைக் கண்காணிக்கலாம். மரப்பகுதிகளுக்குத் தீட்டியது பசுமை கலந்த நீல நிறம். நீல நிறத்தை ஈக்கள் நாடுவதில்லை என்று அக்காலத்து ஆய்வாளர் கருதினர்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது, பெர்லின் நகரில் அதே காலத்தில் பணியாற்றிய புரூனோ டாவ்ட் என்னும் கலைஞரையும் நினைத்தல் வேண்டும். ஏழை எளியோர் குடியிருப்புக்குச் சிற்ப வேலைப்பாடு செய்யப் பணம் இராது. வண்ணம் தீட்டவோ சிறு செலவே ஆகும். ஆதலின் வண்ணமே ஏழையின் அணிகலன் என அவர் கண்டார். 1913-இல் தொடங்கிய பால்கன்பர்க் குடியிருப்பில் அவர் தீட்டிய நிறங்களைக் கண்டு, மக்கள் அதனை ‘வண்ணப்பெட்டிக் குடியிருப்பு’ என்றே வழங்கினர். புதிய வீட்டைப் பற்றி 1924-இல் அவர் எழுதிய நூல், இல்லத்தை ஆக்குபவள் பெண்ணே என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்தது. அலங்காரப் பொம்மைகளையும் கனத்த திரைகளையும் அகற்றுங்கள். தூசு துடைக்கும் உழைப்பு குறையும். வெறுமையான சுவருக்கு நல்ல நிறம் தீட்டுங்கள். அறை தானே அழகு பெறும் என்பது அந்நூலின் கருத்து.

இவ்வளவும் நன்றே. எனினும் வரலாறு மறுபக்கத்தையும் காட்டுகிறது. அச்சமையலறை ஒருவர் நின்று வேலை செய்வதற்கென அளந்தது. தாயும் மகளும் சேர்ந்து சமைக்கவோ, கணவன் உடன் நின்று உதவவோ அங்கே இடமில்லை. கைக்கெட்டும் உயரத்தில் இருந்த இழுப்பறைகள் குழந்தையின் கைக்கும் எட்டின. ரோமர்ஸ்டாட் என்னும் குடியிருப்பில் சமையல் முழுதும் மின்சாரத்தால் நடந்தது. அதன் கட்டணம் மிகுதி எனக் குடியிருந்தோர் முறையிட்டனர். குடிக்கூலியும் குறைவன்று. எந்த ஏழைத் தொழிலாளியை எண்ணித் திட்டம் பிறந்ததோ, அவனால் பல வீடுகளில் குடிபுக முடியவில்லை. பின்னர், 1970-களில் பெண்ணுரிமை பேசியோர், அச்சமையலறை பெண்ணைத் தனிமையில் அடைத்தது எனக் குறை கூறினர்.

அதனை வகுத்த அம்மையார், அதற்குமுன் தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். பெண்ணின் உழைப்பைக் குறைக்கவேண்டும் என்னும் அவரது நோக்கத்தில் ஐயமில்லை. அவர் வாழ்வே அதற்குச் சான்று. நாஜி ஆட்சியை எதிர்த்த குழுவில் சேர்ந்து, 1941-இல் கைதாகி, 1945 வரை சிறையில் வாடிய வீராங்கனை அவர். 2000-ஆம் ஆண்டு சனவரியில், தம் 103-ஆம் பிறந்த நாளுக்குச் சில நாள் முன்னர் மறைந்தார். அத்தகையோர் வகுத்த திட்டத்திலும் குறை நேர்ந்ததற்குக் காரணம் என்ன? அளந்தவர் ஒருவர், வாழ்ந்தவர் வேறொருவர். அடுப்புக்கும் மேசைக்கும் இடையே எத்தனை அடி என எண்ணினார்கள். அவ்வடிகளை எடுத்து வைத்தவளை அழைத்து, உனக்கு என்ன வேண்டும் எனக் கேட்டது குறைவு.

ஏறக்குறைய 10,000 வீடுகளில் அமைந்த அச்சமையலறைகளுள் பெரும்பாலானவை பின்னாளில் பெயர்த்தெறியப்பட்டன. எஞ்சியவற்றுள் சிலவற்றை இன்று அருங்காட்சியகங்களில் காணலாம். ஆனால் அதன் உயிர்க்கருத்து அழியவில்லை. சுவரோரத்தில் தொடர்ந்து செல்லும் மேடை, அதன் மேலும் கீழும் அலமாரி என உலகெங்கும் இன்று அமையும் சமையலறைகள் அதன் வழித்தோன்றல்களே.

சிறு வீட்டுக்குப் பொருள் தேர்வோர் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கவை உண்டு. அறையை அளந்தபின்பே கட்டிலை வாங்குக. மடிக்கத்தக்கதை மடிக்க. ஒரு பொருள் உள்ளே வருமுன், அதனைத் துடைப்பவர் யார், நகர்த்துபவர் யார் என எண்ணுக. வண்ணம் தீட்டுமுன், எச்சுவரில் எப்பொழுது வெயில் விழுகிறது எனக் காண்க. இவையெல்லாம் செய்யுமுன், அவ்வீட்டில் மிகுதியாக உழைப்பவர் எவரோ, அவர் சொல்லை முதலில் கேட்க. பெருக வாழ்வது அங்கிருந்தே தொடங்கும்.