கடைசல் இயந்திரம் வீட்டுக்கு வந்த கதை



தொழிற்பயிற்சி முடித்து வந்த மகன் ஒருநாள் சொல்கிறான்: "அப்பா, பழைய லேத்து ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிப் போட்டால் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை வைத்துவிடலாம்." அப்பாவின் கண் அம்மாவின் பக்கம் திரும்புகிறது. சேர்த்து வைத்த பணம் அவரிடம்தானே இருக்கிறது! கொடுப்பதா, வேண்டாமா? விடை சொல்லுமுன், அந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். வரலாறு தெரிந்தவனை விலையில் ஏமாற்றுவது சற்றுக் கடினம்.

லேத்து என்பதைத் தமிழில் கடைசல் இயந்திரம் என்கிறோம். வேலைப்பொருள் சுழலும், உளி அதைச் சீவும். கட்டில் காலையும் பம்பரத்தையும் கடைந்தது இப்படித்தான். மரத்துக்குக் கை போதும். இரும்புக்கு? உளியைக் கையால் பிடித்து, ஒரு தாங்கலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைந்தார்கள். கை நடுங்கினால் வேலை கெட்டது.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஹென்றி மாட்ஸ்லி. 1771ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உல்விச்சில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அங்கிருந்த ஆயுதசாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலைக்குப் போனார். பள்ளிக்கூட வயதில் வேலைக்குப் போவது என்றால் என்னவென்று நம் தாத்தா பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். பிறகு தச்சுப் பட்டறை, அதன்பின் கொல்லுப் பட்டறை. பதினெட்டு வயதில் லண்டனில் பூட்டுச் செய்யும் ஜோசப் பிராமாவிடம் சேர்ந்து, விரைவிலேயே மேற்பார்வையாளரானார். சம்பளம் வாரத்துக்கு 30 ஷில்லிங். குடும்பம் பெருகியது, கூட்டிக் கேட்டார், முதலாளி மறுத்துவிட்டார். 1797இல் வெளியேறி, ஆக்ஸ்போர்டு வீதிக்கு அருகே சொந்தமாகச் சிறு பட்டறை திறந்தார்.

அந்தக் காலத்தில் ஒரு போல்ட்டுக்கு அதனோடு சேர்த்துச் செய்த நட்டுதான் பொருந்தும். வேறு நட்டு ஏறாது. கழற்றிய சாமான்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அன்றைய வேலை நாசம்! மாட்ஸ்லியின் லேத்தில் உளியைக் கை பிடிக்கவில்லை, இரும்புத் தாங்கி பிடித்தது. அந்தத் தாங்கியை ஒரு நீண்ட திருகாணி இழுத்துச் சென்றது. திருகாணியைப் பற்சக்கரங்கள் சுழற்றின. சக்கரத்தை மாற்றினால் மரையின் இடைவெளி மாறும். மாற்றாவிட்டால் நூறு திருகாணி செய்தாலும் ஒரே மரை. உளிதாங்கியும் திருகாணியும் அவருக்கு முன்பே பலர் முயன்றவைதான். அவற்றை உறுதியான இரும்பில், ஏறக்குறைய 1800இல், நம்பத்தக்க இயந்திரமாக ஒன்று சேர்த்தது அவர் சாதனை. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல் நாடு முழுமைக்கும் ஒரே மரை அளவு வேண்டும் என்று திட்டம் தந்தார். மரையின் கோணம் 55 பாகை. பிரிட்டனிலிருந்து கப்பலேறிய இயந்திரங்களோடு அந்த மரையும் மலாயாவுக்கு வந்து சேர்ந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மாட்ஸ்லி போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்குக் கப்பல் கப்பிகள் செய்யும் இயந்திரங்களைக் கட்டிக் கொடுத்தார். திட்டம் மார்க் புருனல் என்பவருடையது. 110 பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தார்கள் என்று நூல்கள் பெருமையோடு எழுதுகின்றன. மீதி நூறு பேர்? அவர்கள் கைத்தொழில் தெரிந்தவர்கள். உழைப்பாளி வீட்டில் இதைக் கேட்பவருக்கு அந்த நூறு பேரின் நினைவுதான் முதலில் வரும்.

பெரிய ஆலைக்குள் போய்விட்ட அந்த இயந்திரம் நூறாண்டு கழித்துச் சிறு உருவில் வீடுகளுக்குத் திரும்பியது. 1898இல் லண்டனில் 'மாடல் இன்ஜினியர்' என்ற இதழ் தொடங்கியது. வீட்டிலேயே சிறு நீராவி இயந்திரம் செய்வோர் அதைப் படித்தார்கள். அமெரிக்காவில் 1906இல் இரட்டைச் சகோதரர்களான ஓபிரையன்கள் சவுத் பெண்டு லேத்துத் தொழிலைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் 1934இல் தோன்றிய மைஃபோர்டு நிறுவனம், போர் முடிந்த கையோடு எம்.எல்.7 என்ற லேத்தைக் கொண்டுவந்தது. ஏழு அங்குல விட்டமுள்ள பொருள் அதன் படுகைக்கு மேல் சுழலும். வீட்டுப் பட்டறைக்காரர்கள் அதைப் பல்லாண்டு கொண்டாடினார்கள். அந்த ஆலை 2011இல் மூடப்பட்டது. இயந்திரங்கள் இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன.

சரி, மகன் பார்த்த லேத்துக்கு வருவோம். துளைபோடும் இயந்திரமா, லேத்தா, எது முதலில் என்று கேட்டால், என் எண்ணம் லேத்து. அதிலேயே துளையும் போடலாம். புதுப்பூச்சு அடித்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பற்சக்கரங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்; அவை இல்லாத லேத்து, மாட்ஸ்லிக்கு முந்திய லேத்துதான். திருகாணி அங்குல அளவானால் 127 பல்லுள்ள சக்கரம் உண்டா என்று கேளுங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதன் ஐந்து மடங்கு 127. அந்தச் சக்கரம் இருந்தால் மெட்ரிக் மரையும் பிசகாமல் வெட்டலாம். ஆலையிலிருந்து வந்த லேத்தானால் மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கானதா என்று பாருங்கள். வீட்டு மின்சாரத்தில் அது அப்படியே ஓடாது, மாற்றும் செலவு தனி.

கடைசியாகப் படுகை. வேலை பெரும்பாலும் சக்கின் அருகிலேயே நடப்பதால் தேய்மானமும் அங்கேதான். உளிதாங்கி நகரும் சேடிலைச் சக்கின் பக்கம் கொண்டுவந்து, ஆட்டமில்லாமல், ஆனால் நகரும்படி இறுக்குங்கள். பிறகு கைப்பிடியைச் சுற்றி மறுகோடிக்கு ஓட்டுங்கள். போகப் போக இறுகி நின்றுவிட்டால் படுகை தேய்ந்துவிட்டது. விற்பவர் என்ன சொன்னாலும் விலை குறைய வேண்டும். மகன் கைப்பிடியைச் சுற்றும்போது அம்மாவும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பணம் அவருடையது அல்லவா?