உடல்நலத் துணைப்பணிகள்: காலடிப்பேட்டை

சென்னை ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் (1717–1720) நெசவாளர் குடியிருப்பாக உருவான காலடிப்பேட்டையில், அதிகம் படிக்காதவர்களுக்கும் எட்டும் வேலைகளுள் ஒன்று நோயாளர் பராமரிப்பு. ஸ்டான்லி மருத்துவமனையும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையும் அருகிலேயே உள்ளன. ஆயா, வார்டு உதவியாளர், வீட்டுப் பராமரிப்பாளர் எனப் படிகள் பல. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தப் பராமரிப்பையே வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெறுவதோ ஊக்கத்தொகை, சம்பளம் அல்ல.

குறுகிய பயிற்சிக்குக் குறைந்த கூலிதானே என்பார்கள். பயிற்சி குறுகியது, உண்மை, பொறுப்பு அப்படியல்ல. படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் தொடக்கம். அதை முதலில் காண்பவர் மருத்துவரல்ல, பராமரிப்பாளரே. பகுதிநேர வேலை வீட்டுப் பெண்களுக்கு வசதி என்ற வாதத்தில் நியாயமுண்டு. ஆனால் நேரம் குறைவென்றால் மணிக்கணக்கில் ஊதியம் தரலாம், பணிப்பாதுகாப்பை மறுக்க அது காரணமாகாது. செவிலியர் படிப்புக்கு ஏறும் வழியும் இவர்களுக்குக் குறுகலே.