குடிக்காதவருக்கும் கணைய அழற்சி வருவது ஏன்? தென்னிந்தியா மாற்றி எழுதிய ஒரு நோயின் கதை

சித்தூர், திருப்பதிப் பக்கம் வயிற்றுவலி கைமீறிப் போனால் பலரும் கிளம்புவது திருப்பதி ரூயாவுக்கோ ஸ்விம்ஸுக்கோதான். இல்லையென்றால் மாநில எல்லை தாண்டி, சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் வேலூர் சிஎம்சிக்கு. எங்கே போனாலும், ஸ்கேனில் 'கணைய அழற்சி' என்று வந்துவிட்டால் ஒரு கேள்வி கண்டிப்பாக வரும்: "தண்ணி போடுவீங்களா?"

டாக்டர் கேட்பதில் தப்பே இல்லை, கேட்டுத்தான் ஆகணும். ஆனால் "இல்லை" என்று சொல்லும் 22 வயதுப் பையனை வீட்டில் எத்தனை பேர் நம்புவார்கள்?

இந்தச் சந்தேகத்துக்கு வயது ஏறக்குறைய 150. 1878-இல் ஜெர்மானிய மருத்துவர் நிக்கோலஸ் ஃப்ரீட்ரைஷ், கணையப் பாதிப்பையும் மதுவையும் முடிச்சுப்போட்டு, அதற்கு 'குடிகாரன் கணையம்' என்றே பெயர் வைத்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெருமளவு பொருந்தியது. நம் மருத்துவப் பாடப்புத்தகங்களும் அங்கிருந்துதானே வந்தன.

தன்னையே செரிக்கும் உறுப்பு

இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையம், உணவைச் செரிக்கும் நொதிகளைச் சுரக்கிறது. அவை தூங்கும் நிலையிலேயே கிளம்பி, சிறுகுடலுக்குப் போன பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே விழித்தால் கணையத்தையே செரிக்க ஆரம்பித்துவிடும். 1896-இல் பிராக் நகரில் ஹான்ஸ் கியாரி சொன்னது இதைத்தான். அதற்கு ஏழு ஆண்டு முன்பு, திடீர் கணைய அழற்சியை ஒரு தனி நோயாக அடையாளம் காட்டியவர் பாஸ்டனின் ரெஜினால்ட் ஃபிட்ஸ். 1901-இல் யூஜின் ஓபி, பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் இது வரும் என்று காட்டினார். மது, பித்தக்கல்: திடீர் அழற்சிக்கு இன்றும் முக்கியக் காரணங்கள் இவையே.

நாள்பட்ட அழற்சி வேறு கதை. அதில்தான் தென்னிந்தியா வருகிறது.

கிழங்கின் மேல் விழுந்த பழி

1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சூடிமா என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏழைகள், எலும்பும் தோலுமானவர்கள், கணையம் முழுக்கக் கற்கள், கூடவே சர்க்கரை நோய். மது காரணமாகத் தெரியவில்லை. அதே காலத்தில் கேரளத்தில் டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் இதே மாதிரி நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்துப் பதிவு செய்தார். சிறுவயதில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, பதின்ம வயதை ஒட்டிச் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் மரணம்.

கேரளத்தில் ஏழைகளின் தட்டில் என்ன இருந்தது? கப்பக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அதில் சயனைடு தரும் பொருட்கள் உண்டு. புரதமில்லாத சாப்பாட்டோடு அது சேர்ந்தால் கணையம் கெடும் என்று 1979-இல் மெக்மில்லனும் கீவர்கீஸும் வாதிட்டார்கள். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த வகைச் சர்க்கரையை 'ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு' என்ற தலைப்பின் கீழ் வைத்தது.

கேட்கக் கச்சிதமாக இருந்தது. ஆனால் சித்தூர்ப் பக்கத்துச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள்: ராகி சங்கட்டி, சோறு, வேர்க்கடலைச் சட்னி. மரவள்ளி அன்றாட உணவே இல்லாத ஊர்களிலும் இந்த நோய் இருந்தது. நன்றாகச் சாப்பிடும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்தது. டேட்டாவோடு பிழைப்பவளாக எனக்கு இங்கே பிடித்த விஷயம் ஒன்று: நோயாளிகள் ஒல்லியாக இருந்ததை எல்லோரும் காரணமாகப் பார்த்தார்கள். நொதி சுரக்காத கணையம், செரிக்காத கொழுப்பு, கட்டுப்படாத சர்க்கரை என்றால் யாருமே ஒல்லியாகத்தானே போவார்கள்? விளைவைக் காரணமென்று எடுத்துக்கொண்ட பழைய தவறு. 1999-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டது.

விடை ரத்தத்தில்

2002-இல் லக்னோ மருத்துவர்கள் ஜெர்மன் ஆய்வாளர்களோடு சேர்ந்தும், அன்றைய ஆந்திரத் தலைநகர் ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகம் தனியாகவும் 'ஸ்பிங்க்1' என்ற மரபணுவைக் கைகாட்டின. முன்கூட்டியே விழிக்கும் நொதிக்குப் பிரேக் போடும் புரதத்தை உருவாக்குவது இந்த மரபணு. லக்னோ ஆய்வில் நோயாளிகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோரிடம் அதில் மாற்றம் இருந்தது. நோயற்றவர்களில் ஓரிருவரிடம்தான்.

அதற்காக ஜீன் இருந்தால் நோய் உறுதி என்று பயப்பட வேண்டாம். இந்த மாற்றத்தைச் சுமக்கும் பெரும்பாலானோருக்குக் கணைய அழற்சி வருவதே இல்லை. வேறு ஜீன்களும், புகையும், மதுவும் கூட்டுச் சேர வேண்டியிருக்கிறது.

2008-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, நாள்பட்ட கணைய அழற்சி உள்ள 1,033 பேரின் விவரங்களை அலசியது. மது காரணமாக வந்தது 38.7 சதவீதம். காரணம் தெரியாத வகை 60.2 சதவீதம். கீவர்கீஸ் விவரித்த அந்தப் பழைய வகை வெறும் 3.8 சதவீதம். மரவள்ளிக்கு எதிராகச் சாட்சி கிடைக்கவில்லை.

அதாவது டாக்டரின் கேள்விக்கு "இல்லை" என்று சொல்பவர்தான் இங்கே பெரும்பான்மை. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி, சாப்பிட்டால் கூடுவது, எண்ணெய் மிதக்கும் மலம், ஒல்லியான இளம் வயதில் சர்க்கரை: இவை இருந்தும் வருஷக்கணக்காக 'கேஸ்' மாத்திரையோடு ஓட்டுபவர்கள் இரைப்பை, குடல் நிபுணரைப் பார்ப்பது நல்லது. பெரிய கணையக் கற்கள் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்துவிடும்.