ஆட்டிசம் உடைய குழந்தைகளின் பெற்றோர் மனச்சோர்வு: காரணமாகக் கருதப்பட்ட துயரின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம் உடைய குழந்தைகளை வளர்க்கும் பெற்றோரிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுவதை இன்றைய உளவியல் ஆய்வுகள் ஏற்கின்றன. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே துயர் குழந்தையின் நிலைக்குக் காரணமாகக் கொள்ளப்பட்டது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இக்கருத்து எழுந்து வீழ்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பழி நீங்கிய பின்னரும் பெற்றோரின் மனச்சோர்வு சிகிச்சைக்குரிய ஒன்றாக அறியப்படக் காலம் தாழ்ந்தது ஏன் என்பதையும் விளக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், மனச்சோர்வு, பெற்றோர், லியோ கேனர், உளநல மருத்துவ வரலாறு.

முன்னுரை

ஒரு நிகழ்வின் விளைவை அதன் காரணமாகக் கொள்வது மருத்துவ வரலாற்றில் அரிதன்று. தமிழில் மதியிறுக்கம் எனவும் வழங்கப்பெறும் ஆட்டிசம் பற்றிய தொடக்ககால ஆய்வுகள் இதற்குத் தக்க சான்றாகும். மருத்துவரின் அறைக்குள் குழந்தையுடன் நுழைந்த தாயின் முகத்தில் இருந்த சோர்வு எவ்வாறு பொருள்கொள்ளப்பட்டது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையமாக அமைகிறது.

கேனரின் கட்டுரையும் அதன் இரு முகங்களும்

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கேனர், 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பிறருடன் உணர்வுத் தொடர்பு கொள்ளும் திறனில் இக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறை உள்ளது என்பதே அவரது முடிவாகும். எனினும், அதே கட்டுரையின் இறுதிப் பகுதியில், அப்பெற்றோருள் உண்மையான அன்புக்கனிவு உடையோர் மிகச் சிலரே என்றும் அவர் குறித்தார்.

இக்குறிப்பை அதன் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். அந்த 11 தாயருள் 9 பேர் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். தந்தையருள் நால்வர் உளநல மருத்துவர்கள். அக்காலத்தில் சிறப்பு மருத்துவரைத் தேடிவரும் வாய்ப்பு இத்தகைய குடும்பங்களுக்கே மிகுதியாக இருந்தது. முதற் குழந்தையின் தந்தை, மகனின் வளர்ச்சியை விரித்துரைத்து 33 பக்க மடல் ஒன்றை அனுப்பினார். அம்மடல் தந்தையின் ஆழ்ந்த கவலைக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது. கேனரோ அதில் மிகைநுணுக்கப் போக்கையே கண்டார். மேலும், மருத்துவர் பெற்றோரைச் சந்தித்தது விடை கிடைக்காத பல ஆண்டுகளுக்குப் பின்னரே. அப்போது கண்ட சோர்வு குழந்தை பிறக்குமுன்பே இருந்ததா, பின்னர் வந்ததா என்பதை அறிய ஒப்பீட்டுக் குழு எதுவும் அவரிடம் இல்லை.

குற்றச்சாட்டாக மாறிய துயர்

1948இல் டைம் இதழ் இக்குழந்தைகளை ‘உறைபனி படிந்த குழந்தைகள்’ எனப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்னும் கருத்தை முன்வைத்தார். 1949இல் கேனர் குளிர்பதனப் பெட்டி உவமையைக் கையாண்டார். ‘குளிர்பதனப் பெட்டி அன்னை’ என்னும் வழக்கு இதிலிருந்து பரவியது.

இக்கருத்துக்கு மிகுந்த செல்வாக்கைத் தேடித்தந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்த்தோஜெனிக் பள்ளியின் இயக்குநர் புருனோ பெட்டல்ஹைம் ஆவார். 1938–39இல் டாக்காவ், புக்கன்வால்ட் வதைமுகாம்களில் அடைபட்டிருந்த அவர், 1967இல் வெளியிட்ட ‘வெற்றுக் கோட்டை’ என்னும் நூலில், நம்பிக்கையிழந்த முகாம் கைதிகளின் நிலையோடு இக்குழந்தைகளின் ஒதுக்கத்தை ஒப்பிட்டார். இவ்வொப்பீட்டில் பெற்றோர்க்கு எந்த இடம் எஞ்சியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்நிலையில் தாயின் கண்ணீருக்கும் அவளது அமைதிக்கும் ஒரே பொருள் கற்பிக்கப்பட்டது. அழுதால் மனநிலை குன்றியவள், அழாதிருந்தால் உணர்வற்றவள். அவளுக்கு அளிக்கப்பட்ட உளப்பகுப்பாய்வும் பெரும்பாலும் குழந்தையைத் திருத்தும் வழியாகவே கருதப்பட்டது. அவளது துயரைத் தணிப்பது அதன் முதல் நோக்கமாக இல்லை.

பெற்றோரின் மறுமொழி

இக்கருத்தை எதிர்த்தவர்களுள் முன்னின்றோர் பெற்றோரே. 1962இல் இலண்டனில் பெற்றோர் கூடி ஒரு சங்கம் நிறுவினர். உளநல மருத்துவரும் ஆட்டிசம் உடைய மகளின் தாயுமான லோர்னா விங் அவர்களுள் ஒருவர். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லாண்ட், தம் மகனின் நிலையை அறியும் முயற்சியில் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, 1964இல் ஆட்டிசம் உடலியல் அடிப்படை கொண்டது என நிறுவ முயலும் நூலை வெளியிட்டார். அதற்கு அணிந்துரை வழங்கியவர் கேனர். அடுத்த ஆண்டில் தேசிய ஆட்டிசக் குழந்தைகள் சங்கம் தோன்றியது.

பெட்டல்ஹைமின் நூல் வெளிவந்த அதே 1967இல், கிளாரா கிளேபோர்ன் பார்க் தம் மகளை வளர்த்த அனுபவத்தை ‘முற்றுகை’ என்னும் நூலாக எழுதினார். இரு நூல்களும் கோட்டை உருவகத்தையே ஆள்கின்றன. ஒன்றில் தாய் கோட்டை எழக் காரணமானவள். மற்றொன்றில் அக்கோட்டைக்குள் நுழைய அயராது முயல்பவள். 1969இல் மேற்கண்ட சங்கத்தின் கூட்டத்தில் பேசிய கேனர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் 4இல் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலும் அவ்வாறு இல்லை. மரபணுவின் பங்கு இதனால் புலப்பட்டது.

பழிநீக்கத்திற்குப் பின்

பழி நீங்கியவுடன் துயர் அறியப்பட்டது எனக் கொள்வதற்கில்லை. தாங்கள் காரணமல்லர் என நிறுவப் பெற்றோர் தம்மை நலமும் உறுதியும் உடையோராகக் காட்ட வேண்டியிருந்தது. சோர்வை ஒப்புக்கொள்வது பழைய குற்றச்சாட்டுக்கு மீண்டும் இடமளிக்கும். ஆகவே, அக்காலப் போராட்டத்தின் வெற்றியே மனச்சோர்வைப் பற்றிப் பேசுவதற்கு ஓரளவு தடையாகவும் அமைந்தது எனக் கருத இடமுண்டு.

மரியன் டிமையர் 1979இல் வெளியிட்ட நூல், பெற்றோருடன் நிகழ்த்திய நேர்காணல்களின் வழி அவர்களின் களைப்பையும் துயரையும் பதிவு செய்தது. அதன் பின்னரே இப்பொருள் படிப்படியாக ஆய்வுக்களமாக வளர்ந்தது. 2020இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, இப்பெற்றோருள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வுக் கோளாறு காணப்படுவதாக மதிப்பிட்டது. இடைக்காலக் குடும்ப ஆய்வுகள் சில, குழந்தை பிறக்குமுன்பே மனச்சோர்வுக்கு ஆளான பெற்றோரும் உள்ளனர் எனக் காட்டின. 1950களில் இச்செய்தி பெற்றோருக்கு எதிரான சான்றாகியிருக்கும். இன்று அது பகிரப்படும் மரபணுக் கூறுகளைப் பற்றிய வினாவாகிறது.

முடிவுரை

பெற்றோரின் மனச்சோர்வு முதலில் காரணமாகவும், பின்னர் மறைக்கவேண்டிய ஒன்றாகவும், இறுதியில் சிகிச்சைக்குரிய நோயாகவும் கொள்ளப்பட்டதை மேற்கண்ட வரலாறு உணர்த்துகிறது. மூன்று நிலைகளிலும் துயர் ஒன்றே. அதனை நோக்கியோர் எழுப்பிய வினாவே மாறியது. முதல் இரு நிலைகளில் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்பதை அறியவே தாய் நோக்கப்பட்டாள். அவளுக்கு என்ன ஆயிற்று என வினவப்பட்டபோதே அவள் நோயராக ஏற்கப்பட்டாள். பெற்றோரிடம் வினாநிரல் கொண்டு தரவு திரட்டும் ஆய்வாளர்கள், ‘குழந்தைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்பதற்கும் ‘நீங்கள் எவ்வாறு இருக்கிறீர்கள்?’ என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். முன்னைய வினாவின் நிழல் படிந்திருக்கும் வரை, பின்னைய வினாவுக்கு உண்மையான விடை கிடைப்பது அரிது.