காரத்துக்குக் கூலிங்

காரக் குழம்புக்கு லாகர் பீர்தான் ஜோடி என்பதைத் தொன்றுதொட்ட வழக்கம்போலச் சொல்கிறார்கள். இந்த மண்ணுக்கு இரண்டுமே பிந்தி வந்தவை. மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரோடு வந்தது. லாகர் குளிரில் மெல்லப் புளித்து, குளிரிலேயே வாரக்கணக்கில் முதிர வேண்டிய பானம். அதன் பொன்னிற வடிவத்தை யோசப் குரோல் பில்சென் நகரில் காய்ச்சியது 1842இல். அதே ஆண்டுதான் சென்னைக் கடற்கரையில் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் எழுந்தது. பனிக்கட்டியே கப்பலேறி வந்த ஊரில் லாகர் எப்படி ஊர்ப்பழக்கமாகும்?

ஜோடி சேர்த்தது லண்டன். 1926இல் எட்வர்ட் பால்மர் அங்கே திறந்த வீராசாமி உணவகத்துக்கு டென்மார்க் இளவரசர் ஆண்டுதோறும் கார்ல்ஸ்பர்க் பீப்பாய் அனுப்பினாராம். அதிலிருந்து பிறந்ததே இந்தப் பழக்கம் என்று ஒரு கதை உண்டு. கதையை நம்பாவிட்டாலும், கறி உணவகங்களில் லாகர் வேரூன்றியது உண்மை. ஆனால் ஹைதராபாத்தில் பிறந்த கரன் பிலிமோரியாவுக்கு அந்த ஜோடி பொருந்தவில்லை. லாகரின் வாயு வயிற்றை உப்பவைக்கிறது, சாப்பாட்டுக்கு இடம் விடுவதில்லை என்பது அவர் குறை. 1989இல் அவர் தொடங்கிய கோப்ரா, வாயு குறைந்த லாகராக முதலில் பெங்களூரில்தான் காய்ச்சப்பட்டது.

தமிழ்நாட்டில் காரத்துக்குத் துணையாக இருந்தது கள். லேசான இனிப்பு, புளிப்பு, மென்மையான நுரை. போதையிலும் சாதா பீருக்குப் பக்கத்தில் நிற்கும். அதை அப்புறப்படுத்தியது நாக்கு அல்ல, சட்டம். 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971இல் தளர்வு, 1974இல் மறுபடி பூட்டு, 1981இல் மறுபடி திறப்பு. 1987இல் கள்ளுக்கடை மூடியது மூடியதுதான். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியபோதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தபோதும், ஷிப்டு முடிந்து வருகிறவருக்குச் சட்டப்படி கள் கிடையாது. 2003 முதல் மதுவின் சில்லறைக் கடையும் அரசின் டாஸ்மாக் கையில். கிடைப்பதைத்தானே வாங்க முடியும், இதில் தேர்வு எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் சாதாவா ஸ்ட்ராங்கா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பிராண்டுக்கு முன்னால் 'கூலிங் இருக்கா' என்ற கேள்வியும்.

அந்தக் கேள்வியில் உடலியல் இருக்கிறது. மிளகாயின் கேப்சைசின் மதுவில் கரையும், அதனால் பீர் காரத்தைக் கழுவிவிடும் என்பார்கள். ஐந்து சதவீத மது கொண்ட பீரில் மீதி கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர். அதில் கரைவது சொற்பம். மேலும், காரத்தை எரிச்சலாக உணர்த்தும் அதே நரம்புவாயிலை மதுவும் தூண்டுகிறது. வாயு நாக்கைக் குத்துகிறது. ஹாப்ஸின் கசப்பும் காரத்தோடு சேர்ந்து துருத்துகிறது. ஆற்றுவது குளிர்ச்சி, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ஆகவே எட்டு சதவீதம் வரை போகும் ஸ்ட்ராங், காரசாரமான சிக்கன் வறுவலுக்கு மோசமான துணை. கசப்பும் வாயுவும் குறைந்து, மால்ட்டின் இனிப்பு கொஞ்சம் தங்கிய சாதா லாகரே பொருந்தும். குறைந்த காசில் கூடுதல் போதை என்று ஸ்ட்ராங் வாங்குபவரின் கணக்கு வேறு. அது குழம்போடு சம்பந்தப்பட்டதல்ல. அந்த ஹூண்டாய் ஆலைப் பக்கத்துக் கொரிய உணவகங்களில் பொரித்த கோழிக்குப் பூசும் மிளகாய்ச் சாந்திலேயே இனிப்பு இருக்கிறது. கள் செய்த வேலையை அங்கே சாந்து செய்துவிடுகிறது. பீர் குளிர்ந்திருந்தால் போதும்.